மூச்சை எண்ணாதீங்க, காலை எடுத்து வைங்க

காரோடு, பாறசாலைப் பக்கத்துக்காரங்களுக்குத் தெக்கன் களரி புதுசு இல்லை. அதில் ஆசான் முதலில் திருத்துவது சுவடு, அதாவது கால் வைக்கிற முறை. வெளிநாட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற நாமோ, நடக்கத் தொடங்கின அன்றைக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுகிறோம். கொஞ்சம் மூச்சு கூடினதும் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பயம் அனாவசியம் என்பது என் கட்சி.

உடற்பயிற்சி தொடங்கின உடனேயே மூச்சு கூடிவிடுகிறது என்று 1913-லேயே டென்மார்க்கின் குரோக், லிண்ட்ஹார்ட் இருவரும் காட்டிவிட்டார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறட்டும் என்று அது காத்திருப்பதில்லை. மூளை காலுக்குக் கட்டளை அனுப்பும்போதே முகுளத்தில் இருக்கும் மூச்சு மையத்துக்கும் சேதி போகிறது. அசைகிற தசைகளும் நரம்பு வழியாகத் தகவல் அனுப்புகின்றன. ஆக, முதல் அடியிலேயே மூச்சு கூடுவது பலவீனம் இல்லைங்க, உடம்பின் முன்னேற்பாடு.

1983-ல் பிராம்பிள், கேரியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓட்டக்காரர்களைக் கவனித்தார்கள். பழகினவர்களிடம் காலும் மூச்சும் தாளம் சேர்ந்து போயின. நான்கு காலடிக்கு ஒரு மூச்சு என்பதே அதிகம். புதியவர்களிடம் அந்த இணைப்பு அவ்வளவாக இல்லை.

அதனால் பிள்ளைகளை ஓட அனுப்பினாலும் சரி, நாமே நடந்தாலும் சரி, முதல் நாளே மூச்சுக்கணக்கு வேண்டாம். பேசிக்கொண்டே போகிற வேகத்தில் தினமும் நடப்போம். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே டாக்டரிடம் போகணும். வெறுமனே மூச்சு கூடுவதற்காக நடையை நிறுத்த வேண்டாம்.