அவர்களே இல்லையென்று சொல்லிவிட்டார்களே!

நடை முடிந்து நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் உலகத்துப் பஞ்சாயத்து எல்லாம் எங்களிடம்தான் வரும். போன வாரம் இலங்கைப் பேச்சு வந்தது. முள்ளிவாய்க்காலில் செத்தவர்களைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் மடக்கினார். "அங்கே இருந்த டாக்டர்களே பேட்டி கொடுத்து, நாங்க சொன்ன கணக்கு பொய்னு சொல்லிட்டாங்களே சார். அப்புறம் என்ன?" பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் வந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் நான். தேதிகளை வரிசையாக அடுக்கினாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

2008 செப்டம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். பத்திரிகைக்காரர்களுக்கும் அனுமதி இல்லை. எஞ்சியிருந்த சிலரில் டாக்டர் வரதராஜா, டாக்டர் சத்தியமூர்த்தி, டாக்டர் சண்முகராஜா ஆகியோரும் இருந்தார்கள். இலங்கை அரசிடமே சம்பளம் வாங்கிய அரசு மருத்துவர்கள். ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்ததையும், வந்து சேர்ந்த பிணங்களின் எண்ணிக்கையையும் தொலைபேசியில் வெளி உலகுக்குச் சொன்னவர்கள் இவர்கள்தான். 2009 மே நடுவில் காவலில் வைக்கப்பட்டார்கள். ஜூலை 8-ஆம் தேதி கொழும்பில் காமிராக்கள் முன் உட்கார வைக்கப்பட்டு, 'புலிகள் மிரட்டியதால் கூட்டிச் சொன்னோம். செத்தவர்கள் 650 முதல் 750 பேர்' என்றார்கள். ஆகஸ்டில் ஜாமீன் கிடைத்தது. 2011-ல் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவோ, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று எழுதியது.

இப்போது நண்பரைக் கேட்கிறேன். காவலில், பேட்டி, பிறகு ஜாமீன். இந்த வரிசையில் உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? 1872-ல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டம்கூட, போலீஸ் காவலில் இருப்பவன் மாஜிஸ்திரேட் இல்லாத இடத்தில் தரும் ஒப்புதலை அவனுக்கு எதிராகப் பயன்படுத்த விட்டதில்லை. வெள்ளைக்காரனுக்கு இருந்த சந்தேகம் நமக்கு இல்லாமல் போனது எப்படி?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் ட்ரேஃபஸ் வழக்கைப் பாடமாக நடத்தும்போது எல்லோரும் எமில் ஜோலாவைப் பற்றியே பேசுவார்கள். என் மனதில் நின்றவர் பிக்கார் என்ற ராணுவ அதிகாரி. ட்ரேஃபஸ் குற்றவாளி அல்ல என்பதை 1896-ல் கண்டுபிடித்து மேலிடத்தில் சொன்னவர். மேலிடம் என்ன செய்தது? துனீசியாவுக்கு மாற்றியது. பிறகு சிறையில் போட்டது. அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. உத்தியோகத்துக்கு வந்த பிறகு நன்றாகவே புரிந்தது.

ஒரு மழைக்காலத்தில் மாதாந்திர அறிக்கை ஒன்றில் 'காலரா' என்று இருந்ததை 'வயிற்றுப்போக்கு' என்று மாற்றித் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். தயங்கினேன். "தண்ணியில்லாக் காட்டுக்குப் போக ஆசையா?" என்றார் மேலதிகாரி, சிரித்துக்கொண்டே. மாற்றினேன். அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, சிறை இல்லை, ஒரு மாற்றல் உத்தரவின் நிழல் போதுமாக இருந்தது. மறுநாள் யாராவது கேட்டிருந்தால் வயிற்றுப்போக்குதான் என்று நானும் சாதித்திருப்பேன். சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளை எண்ணிக்கொண்டு சிறையில் உட்கார்ந்திருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பணிந்தவர்கள் கதை இது. பணியாதவர்கள்? 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலை பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கையெறிகுண்டு வெடித்துச் செத்தார்கள் என்றது ராணுவம். பிணவறையில் போய்ப் படம் எடுத்து, அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்று காட்டினார் பத்திரிகையாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24-ஆம் தேதி அவரும் சுடப்பட்டார். மகனைப் பறிகொடுத்து விசாரணையில் சாட்சி சொன்ன டாக்டர் மனோகரன், மிரட்டல் தாங்காமல் நாட்டை விட்டே போனார். 2019-ல் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுதலை. காரணம், போதிய சாட்சியம் இல்லையாம்! சாட்சியைத் துரத்திவிட்டுச் சாட்சி எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இதை எழுதினால் என்னைப் புலி ஆதரவாளன் என்பார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியை. இலங்கை ராணுவம், புலிகள், நம் அமைதிப்படை என்று எவர் செய்த கொடுமையையும் விடாமல் பதிவு செய்தவர்களில் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே செய்தார்கள் என்பது அவருடைய தோழர்களின் குற்றச்சாட்டு. கொடி எதுவானாலும், கணக்கு எழுதுபவனைக் கண்டால் ஆயுதம் வைத்திருப்பவனுக்கு ஆகாது.

நம் ஊரும் யோக்கியம் இல்லை. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்ததே 2018 டிசம்பரில்தான். சுதந்திரம் வந்து 71 வருடம் கழித்து.

ஆகவே நண்பரே, இனி யாராவது 'அவர்களே இல்லையென்று சொல்லிவிட்டார்கள்' என்றால், மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே இருந்துகொண்டு சொன்னார்கள்? அப்போது பக்கத்தில் நின்றது யார்? சொல்லாமல் இருந்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்க முடியுமா?

நாளைக் காலை ஆறு மணிக்கு அதே பெஞ்சில் இருப்பேன். பதிலை அங்கே சொல்லுங்கள். இங்கே யாரும் உங்களை மாற்றல் செய்ய மாட்டார்கள்.