கட்டிப் போடுவது வைத்தியமா?

பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட என் தங்கை மகன், நினைவு திரும்பிய கொஞ்ச நாளில் வார்டையே ரெண்டாக்கினான். டியூபைப் பிடுங்கினான். பெற்ற தாயைக் கெட்ட வார்த்தையில் ஏசினான். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். "திமிர் அடங்கலை" என்றார் பார்க்க வந்த ஒரு பெரியவர்.

திமிருமில்லை, பேயுமில்லை. கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் ஆஸ்பத்திரி வகுத்த அளவுகோலில் இது 4-ஆம் படி: குழப்பமும் கொந்தளிப்பும். மூளை தேறி வரும் வழியில் பலரும் கடக்கிற ஒரு கட்டம். கட்டக் கட்டத் திமிறல்தான் கூடும்.

பிறகுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பெண் வந்தார். டிவியை அணைத்தார். தாயைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினார். "தம்பி, இந்தத் துண்டை மடிச்சுக் குடுப்பா." முதலில் வீசி எறிந்தான். பேசாமல் எடுத்து மறுபடி நீட்டினார். மடித்தான். மறுநாள் சீப்பு, அப்புறம் பல் பிரஷ். ஐந்து நிமிஷம் வேலை, பிறகு ஓய்வு.

டியூபைப் பிடுங்கினால் ஆபத்தாயிற்றே என்பீர்கள். வேறு வழியே இல்லாத நேரத்துக்குக் கட்டுங்கள். அதை வைத்தியம் என்று சொல்லாதீர்கள். ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுத்தவர்கள் இந்தப் பெண்ணை முதலிலேயே அனுப்பியிருக்கக் கூடாதா?

கூட்டமாய்ப் போய் அறிவுரை சொன்ன நாமும் குற்றவாளிகள்தான். இனி ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புவோம்.