கறுத்த வாழைப்பழமும் சிவந்த வெண்ணெயும்



வாழைப்பழத்தின் தோல் மஞ்சளாக இருக்கும் வரை அது உரித்துச் சாப்பிடும் பழம். தோல் கறுத்து, காம்பு தளர்ந்து, கையில் எடுத்தால் அமுங்குகிற நிலைக்கு வந்த பிறகே அது ஓவனுக்கான பழம். வீட்டில் எல்லோரும் கைவிட்ட அந்தப் பழத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த இதழின் இனிப்புப் பக்கத்தில் பனானா பிரெட் பார் இடம்பெறுகிறது. அமெரிக்க வீடுகளில், குறிப்பாக மினசோட்டா, அயோவா, விஸ்கான்சின் போன்ற நடுமேற்கு மாநிலங்களில், தேவாலய விருந்துக்கும் பள்ளி விழாவுக்கும் வீட்டிலிருந்து செய்து கொண்டுபோகிற பண்டங்களில் இதுவும் ஒன்று. வாழைப்பழ மாவைத் தட்டையான டிரேயில் பரப்பி பேக் செய்து, ஆறியதும் மேலே வெண்ணெய் ஃபிராஸ்டிங்கைத் தாராளமாகப் பூசித் துண்டு போடுவார்கள். நம் ஊர் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டியில் இதைப் பார்ப்பது அரிது. ஆனால் ஒரு சின்ன ஓவனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், முதன்முறையாக கேக் செய்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பனானா பிரெட்டின் பிறப்பே சிக்கனத்தில்தான். 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்தன. அவர்கள் சாப்பிட்ட வாழைப்பழம் மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் விளைந்து, யுனைடெட் ஃப்ரூட் போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் வந்து இறங்கியது. காசு கொடுத்து வாங்கிய பழம் கறுத்துவிட்டது என்று தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? நல்லவேளையாக, சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் அப்போது எல்லா மளிகைக் கடைகளிலும் கிடைத்தன. ஈஸ்ட் போட்டு மாவு உப்பும் வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மசித்த பழம், மாவு, சோடா, சர்க்கரை இருந்தால் போதும், மாலைக்குள் ஒரு ரொட்டி தயார். 1933-இல் பில்ஸ்பரி மாவுக் கம்பெனி வெளியிட்ட சமையல் புத்தகத்தில் பனானா பிரெட் அச்சேறியது. மாவுக் கம்பெனிக்கு மாவு விற்க வேண்டும், பழக் கம்பெனிக்குப் பழம் விற்க வேண்டும். இரண்டுமாகச் சேர்ந்து இந்த ரொட்டியை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தன. 2020-இல் ஊரடங்கு வந்து, பல நாடுகளில் கடைகளில் ஈஸ்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, உலகமெங்கும் மக்கள் மறுபடி இதே ரொட்டியைத்தான் தேடிப் போனார்கள்.

ஆனால் 1930-களின் அந்த அமெரிக்கப் பாட்டிகள் மசித்த பழம் இன்று அவர்களுடைய பேத்திகள் மசிக்கும் பழம் அல்ல. அன்று கப்பல் ஏறியது குரோ மிஷெல் என்ற ரகம். தடித்த தோல், நல்ல மணம், நெடும் பயணத்துக்கு அசராத தார். ஃபியூசேரியம் பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று தீர்த்தது. நம் ரஸ்தாளி விவசாயிகளைக் கலங்க வைக்கிற அதே நோய்தான். 1960-களுக்குள் ஏற்றுமதிச் சந்தை கேவண்டிஷ் ரகத்துக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகைக் கண்ணாடிக் குடிலில் 1830-களில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் வளர்த்த வாழையிலிருந்து, அந்தப் பிரபுவின் குடும்பப் பெயரைத் தாங்கி வந்தது அது. நம் கடைகளில் ரொபஸ்டா, மோரிஸ், பச்சைப்பழம் என்று தொங்குவதும் கேவண்டிஷ் கூட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே அமெரிக்கச் சமையல் குறிப்பு ஒன்றில் வெறுமனே 'வாழைப்பழம்' என்று இருந்தால், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ரொபஸ்டாவை எடுக்கலாம்.

மற்ற ரகங்களில் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பூவன். அதில் இருக்கும் லேசான புளிப்பு சோடாவுக்கும் துணை, மேலே வரும் ஃபிராஸ்டிங்கின் இனிப்புக்கும் நல்ல எதிர்ச்சுவை. பழம் சிறியது என்பதால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். கற்பூரவள்ளி ஏற்கெனவே தேனாக இனிப்பது, அதைப் போட்டால் சர்க்கரையைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். நேந்திரனில் மாவுச்சத்து அதிகம். நன்றாகக் கறுத்த பிறகும் சற்று இறுகியே இருக்கும், அதை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித்தான் சேர்க்க முடியும். விருப்பாச்சி, சிறுமலை என்று பெயர் பெற்ற மலைவாழைகளை மட்டும் ஓவனில் வைக்க எனக்கு மனமில்லை. அவற்றின் மணம் நெருப்பு படாமல் இருந்தால்தான் முழுதாக நிற்கும். பழனிப் பஞ்சாமிர்தம் அடுப்பேறாமல் ஆவதில் பொருள் இருக்கிறது.

பழம் ஏன் கறுக்க வேண்டும்? பச்சைக் காயில் சதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி, நன்கு கனிந்த பழத்தில் மாவுச்சத்து ஒன்றிரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. கூடவே மணம் ஏறுகிறது, நார் இளகுகிறது, சதை தானாகவே கூழாகிறது. மஞ்சள் பழத்தில் செய்த கேக்கில் வாழைப்பழம் இருப்பது நாக்குக்குத் தெரியாது, வெறும் ஈரம்தான் தெரியும். அவசரமாகச் செய்ய வேண்டும் என்று காயை ஓவனில் சுட்டுத் தோலைக் கறுக்க வைக்கும் குறுக்குவழி ஒன்று பரவியிருக்கிறது. தோல் கறுக்கும், சதை மெத்தென்றாகும். நாட்கணக்கில் கனிந்த பழத்தின் இனிப்பும் மணமும் அதில் கிடைக்காது. சீப்பில் மீந்த பழங்களைத் தோல் உரித்து ஃப்ரீஸரில் போட்டுச் சேர்த்து வையுங்கள். தேவையான நாளில் எடுத்து இளகவிட்டு, அதிலிருந்து வடியும் நீரையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். அந்த நீரில்தான் இனிப்பு நிறைய இருக்கிறது. பூஞ்சை பிடித்ததையும் சாராய வாடை வீசுவதையும் மட்டும் குப்பைக்கு அனுப்புங்கள். கறுப்பு வேறு, கெட்டுப்போனது வேறு.

இப்போது மாவு. ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குல டிரேவுக்கு மைதா 250 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை இரண்டு, மசித்த பழம் 400 கிராம், கெட்டித் தயிர் 120 கிராம், கொஞ்சம் வெனிலா எசன்ஸ். எட்டு அங்குலச் சதுர டிரேதான் உங்கள் ஓவனுக்குள் போகும் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் சோர் கிரீம் போடுவார்கள். நம் வீட்டுத் தயிர் அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. தயிரின் புளிப்பும் பழத்தின் புளிப்பும் சோடாவோடு சேரும்போது வாயு பிறந்து கேக் எழும்புகிறது. மிஞ்சும் காரத்தன்மை மேல்பரப்பை நன்றாகச் சிவக்க வைக்கிறது.

இளகிய வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாக அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பழம், தயிர், எசன்ஸ் கலந்து, கடைசியில் சோடா, உப்போடு மைதாவைச் சலித்துப் போடுங்கள். இங்கேதான் பலருடைய கை நிற்பதில்லை. மைதா ஈரத்தில் படும் நொடியிலிருந்து கிளறக் கிளற அதன் பசைத்தன்மை இறுகி, கேக் ரப்பராகிறது. வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கரண்டியை வைத்துவிடுங்கள். 180 டிகிரி செல்சியஸில் சூடேற்றி வைத்த ஓவனில் 22 முதல் 25 நிமிடம். நடுவில் குச்சியைக் குத்தினால் ஒன்றிரண்டு துகள் ஒட்டி வரலாம், பச்சை மாவு ஒட்டக் கூடாது.

பாராகச் செய்வதன் பெரிய லாபம் இந்த நேரத்தில்தான் இருக்கிறது. ரொட்டி வடிவில் உயரமான அச்சில் ஊற்றினால் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஓரம் காய்ந்து, மேலே வெடித்து, நடுவில் இன்னும் களியாக நிற்கும். 'மேலே சிவந்துவிட்டது, வெட்டினால் உள்ளே வேகவில்லை' என்று எழுதும் வாசகிகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, டிரேக்கு மாறுங்கள் என்பதுதான்.

ஃபிராஸ்டிங்குக்கு வருவோம். பழத்தைச் சிக்கனமாகப் பிடித்தோம் அல்லவா, வெண்ணெயில் சிக்கனம் வேண்டாம். குப்பைக்குப் போக இருந்த பழத்தில் மிச்சமான காசை நல்ல வெண்ணெயில் போடுவதே இந்தப் பண்டத்துக்குச் செய்யும் மரியாதை. உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம் எடுத்து, அடி கனமான, உள்ளே வெளுப்பாக இருக்கும் பாத்திரத்தில் மிதமான தீயில் வையுங்கள். எவர்சில்வர் நல்லது, கறுப்புப் பாத்திரத்தில் நிறம் தெரியாது. வெண்ணெய் உருகும், நுரைக்கும், சடசடவென்று பேசும். அந்தச் சத்தம் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகிற சத்தம். அது அடங்கும்போது அடியில் இருக்கும் கசண்டு பொன்னிறத்துக்கு வந்து, பிறகு சிவக்கத் தொடங்கும். முந்திரி வறுபடுவது போன்ற ஒரு மணம் எழும்.

நெய் காய்ச்சத் தெரிந்த யாருக்கும் இதற்குமேல் சொல்லித்தர ஒன்றுமில்லை. அமெரிக்கச் சமையல் புத்தகங்கள் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகச் சொல்லிக்கொடுக்கிற இந்த வித்தையை நம் வீட்டுப் பெண்கள் காதாலும் மூக்காலும் தினப்படி வேலையாகச் செய்துவருகிறார்கள். ஒரே வித்தியாசம், நாம் நெய்யை வடிகட்டிக் கசண்டை ஒதுக்குவோம். இங்கே வடிகட்டக் கூடாது. சுவை முழுக்க அந்தக் கசண்டில்தான் இருக்கிறது. நெய் காய்ச்சிய பாத்திரத்தில் சர்க்கரை தூவியோ சோறு பிசைந்தோ சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முருங்கை இலை மட்டும் இங்கே வேண்டாம்.

சிவந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதே பாத்திரத்தில் விட்டால் அதன் சூட்டிலேயே கருகிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு 300 கிராம் ஐசிங் சர்க்கரையைச் சலித்துப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் வெனிலாவும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பாலும் சேர்த்து மழுமழுவென்று ஆகும் வரை அடியுங்கள். பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், நீர்த்துப் போனால் பூச்சு நிற்காது. கேக் முழுக்க ஆறிய பிறகே பூசுங்கள். வெதுவெதுப்பான கேக்கின் மேல் போட்டால் ஃபிராஸ்டிங் உருகி ஓரத்தில் தேங்கிவிடும்.

கிரீம் சீஸ் ஃபிராஸ்டிங்தான் அசல் என்று வாதிடுவோர் உண்டு. அதுவும் நல்ல ஜோடிதான், அதன் புளிப்பு பழத்துக்கு நன்றாகவே சேரும். ஆனால் இங்கே அதன் விலை அதிகம், சித்திரை வெயிலில் அது நிற்பதும் இல்லை. வடிகட்டிய தயிரை அதற்கு மாற்றாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை பட்டதும் தயிர் நீர் விட்டுவிடும். வெண்ணெய் ஃபிராஸ்டிங்கும் கோடையில் இளகக்கூடியதுதான். அதனால் வெயில் நாளில் பொழுது சாய்ந்த பிறகு பூசி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக விட்டு, சூடான கத்தியால் வெட்டுங்கள். மேலே அமெரிக்கர்கள் வால்நட் தூவுவார்கள், வறுத்த முந்திரியும் அதே அளவு பொருந்தும். செய்த அன்றைவிட மறுநாள் ஈரம் பரவி இன்னும் ருசியாக இருக்கும். மூடி போட்ட டப்பாவில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் முட்டைக்குப் பதிலாக இன்னும் 100 கிராம் தயிரும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்க்கலாம். கேக் சற்று அடர்த்தியாக வரும், சுவையில் பெரிய குறை தெரியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் இங்கே ரொபஸ்டாவையும் பூவனையும் முன்னிறுத்தியிருக்கிறேன். தேனி, திருச்சி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று வாழை விளையும் ஊர்களில் இருக்கும் நீங்கள் மட்டி, செவ்வாழை, ஏலக்கி என்று உங்கள் பக்கத்துப் பழத்தில் செய்து பாருங்கள். எந்தப் பழம், எவ்வளவு கனிந்தது, சர்க்கரை எவ்வளவு குறைத்தீர்கள் என்ற மூன்றையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். நன்றாக வந்தவற்றை அடுத்த இதழ்களில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்