சொட்டும் குழாய்

பெங்களூருக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்படுகிறது. 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் சொட்டும் குழாயை யார் கேட்பது? வாடகை வீடுகளில் இந்தத் தகராறு தீர்வதே இல்லை. வீட்டுக்காரர் குடியிருப்பவரைக் காட்டுகிறார்; குடியிருப்பவர் வீட்டுக்காரரைக் காட்டுகிறார். தேய்ந்த வாஷரின் விலையோ சில ரூபாய்தான்! கழிப்பறைத் தொட்டி இன்னும் மோசம், ஓசையின்றி ஒழுகும். தொட்டி நீரில் சிறிது சாயம் கலந்து, அரை மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டுப் பார்க்கலாம். கோப்பையில் நிறம் இறங்கினால் கசிவு உறுதி. குழாய்ப் பழுது யார் செலவு என்பதை வாடகைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். அதுவரை குழாயடியில் ஒரு வாளியாவது இருக்கட்டும்.