"34 கொடுங்க" என்று கேட்டால் மட்டும் போதுமா? அளவு தெரியாமல் அவதிப்படும் பெண்கள்!

சென்னை,

பஸ்சில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும் பெண்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கும் பெண்கள், ஆபீசில் குனிந்து கணக்கு எழுதும் பெண்கள். இவர்களில் பலருக்கும் பொதுவாக ஒரு தொல்லை இருக்கிறது. வெளியே வாய்விட்டுச் சொல்ல முடியாத தொல்லை.

போட்டிருக்கும் பாடி சரியாக இல்லை!

தோள்பட்டையில் நாடா அழுத்துகிறது. முதுகில் எலாஸ்டிக் வெட்டுகிறது. இல்லாவிட்டால் தொளதொளவென்று பின்பக்கம் மேலே ஏறிவிடுகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை, கொக்கியைக் கழற்றி எறிவதுதான்.

பணம் இல்லாததால் வந்த கஷ்டமா இது? இல்லை. பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் இதே கதை. ஏ.சி. கடையில் 1,500 ரூபாய் கொடுத்தவருக்கும் இதே கதை.

"இது பொம்பளைங்க சமாசாரம்" என்று ஆண் வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வலியோடு வேலைக்குப் போவது உங்கள் வீட்டு அம்மாவாக, மனைவியாக, மகளாக இருக்கலாம். கடையில் நின்று விற்பவர்களில் பாதிப் பேர் ஆண்கள்தானே!

30 பேரில் 24 பேர்

2008-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. 18 வயதில் இருந்து 26 வயது வரை உள்ள 30 பெண்களை அளந்து பார்த்தார்கள். அவர்களில் 80 சதவீதம் பேர் தவறான அளவு பிரா போட்டிருந்தார்கள். 70 சதவீதம் பேருக்கு அது சின்னது. 10 சதவீதம் பேருக்குப் பெரியது.

அதாவது 30 பேரில் 6 பேருக்குத்தான் சரியாக இருந்தது.

டிரையல் ரூமும், விதவிதமான அளவுகளும் உள்ள நாட்டிலேயே இந்த லட்சணம். நம் ஊர் கவுண்டரில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

கவுண்டரில் என்ன நடக்கிறது?

தியாகராயநகர் ஆனாலும் சரி, புரசைவாக்கம் ஆனாலும் சரி, சின்னக் கடைகளில் இது தினமும் நடப்பதுதான்.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஆண் நிற்பார். முன்னால் கூட்டம். வரும் பெண் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார். பிறகு மெதுவாக, "34 ஒண்ணு கொடுங்க" என்பார். அட்டைப் பெட்டி வரும். திறந்துகூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எல்லாம் 2 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த 34 எங்கே இருந்து வந்தது? போன தடவை வாங்கிய நம்பர். அல்லது கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வாங்கிக் கொடுத்த நம்பர். அதற்குப் பிறகு 2 குழந்தை பிறந்திருக்கும், உடம்பு 10 கிலோ ஏறியிருக்கும். நம்பர் மட்டும் மாறவே மாறாது!

செருப்பு வாங்கும்போது காலை நுழைத்து, நாலு எட்டு நடந்து பார்க்கிறோம். உடம்போடு ஒட்டிக்கொண்டு 12 மணி நேரம் இருக்கும் துணியை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

நம்பர் பாதி, எழுத்து பாதி

பிராவின் அளவில் இரண்டு பகுதி உண்டு. 34 என்பது சுற்றளவுக்கான நம்பர். அதன் பின்னால் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து வரும். அது கிண்ணத்தின் அளவு. "கப்" என்கிறார்களே, அதுதான்.

நம் ஊரில் மலிவு விலை சரக்கில் பெரும்பாலும் நம்பர் மட்டும்தான் இருக்கும். எழுத்தே கிடையாது. அவை அனேகமாக 'பி' அளவுக்குத் தைத்தவை. 'சி' அல்லது 'டி' தேவைப்படும் பெண் என்ன செய்வார்? கிண்ணம் போதவில்லை என்று 34-ஐ விட்டு 36 வாங்குவார். பிறகு 38. இப்போது கிண்ணம் சரியாகிவிடும். ஆனால் சுற்று லூசாகிவிடும். பின்பக்கம் மேலே ஏறும். அதைச் சரிசெய்ய நாடாவை இழுத்து இறுக்குவார். பாரம் எல்லாம் தோளுக்குப் போய்விடும். தோளில் பள்ளம் விழுவது இப்படித்தான்.

பாரத்தைத் தாங்க வேண்டியது தோள் நாடா அல்ல. மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டைதான் அதைத் தாங்க வேண்டும். பட்டை லூசாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பயன் இல்லை.

34 என்பது எந்த 34?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 34 என்றால் 34 அங்குலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டேப் வைத்து மார்புக்குக் கீழே அளந்தால் 34 போடும் பெண்ணுக்கு 29, 30 அங்குலம்தான் வரும்!

காரணம், கீழ்ச்சுற்றை அளந்து, அதோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டிக்கொள்வது கம்பெனிகளின் பழைய வழக்கம். நம் ஊர் கம்பெனிகள் பலவும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. வெளிநாட்டில் சில கடைகள் கூட்டாமல் அப்படியே எடுக்கின்றன. ஒரே பெண்ணுக்கு ஒரு கடையில் 34, இன்னொரு கடையில் 30 என்று வருவது இதனால்தான்.

சென்டிமீட்டரிலும் இதே வேடிக்கை. நம் ஊர் பெட்டியில் 34 என்பதற்கு நேராக 85 செ.மீ. என்று போட்டிருக்கும். ஐரோப்பிய அளவில் 34-க்குச் சமமானது 75. ஆனால் நம் ஊர் பெட்டியில் 75 என்றால் 30! வெளிநாட்டில் இருந்து அண்ணன் வாங்கி அனுப்பியது பொருந்தவில்லை என்றால் அண்ணனைத் திட்டிப் பயன் இல்லை.

எழுத்து வந்த கதை

1914-ம் ஆண்டு நவம்பரில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு, முதுகுப் பக்கம் மூடாத பிராவுக்கான காப்புரிமை கிடைத்தது. இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் சேர்த்துத் தைத்ததில் பிறந்த யோசனை அது. உரிமையை வார்னர் என்ற கம்பெனிக்கு 1,500 டாலருக்கு விற்றுவிட்டார். கிண்ண அளவுக்கு எழுத்து போடும் முறை அமெரிக்காவில் 1930-களில்தான் வந்தது.

சென்னையில் ஒரு காலத்தில் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதுதான் வழக்கம். 1939-ல் தொடங்கிய நாயுடு ஹால், பெண்களின் உள்ளாடைகளைத் தைத்து விற்றே பெயர் வாங்கியது. ரெடிமேடு பெட்டிகள் வந்தபிறகு விலை இறங்கியது. கூடவே, அளவு எடுக்கும் பழக்கமும் போய்விட்டது.

கடைக்காரர் கணக்கு

சரி, எல்லா அளவும் வைக்க வேண்டியதுதானே? கடைக்காரரைக் கேட்டால் அவர் கணக்கு வேறு.

சட்டை என்றால் 5, 6 அளவு போதும். பிராவுக்கு 30 முதல் 40 வரை 6 நம்பர். ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி, டி என 4 எழுத்து. மொத்தம் 24 பெட்டி. இது ஒரு மாடலுக்கு, ஒரே கலருக்கு. வெள்ளை, கறுப்பு, சந்தனம், சிவப்பு என்று 4 கலர் வைத்தால் 96 பெட்டி!

பத்துக்குப் பத்து கடையில் அதை எங்கே அடுக்குவது? விற்காத சரக்கு அலமாரியில் கிடந்தால் எலாஸ்டிக் செத்துப்போகும். முதல் முடங்கும். எனவே ஓடுகிற 'பி' அளவை மட்டும் எடுத்து, 6 பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்.

கேட்பவர் இல்லாததால் கடையில் இல்லை. கடையில் இல்லாததால் யாரும் கேட்பதில்லை. வேறு அளவு ஒன்று இருக்கிறது என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது.

2011-ல் பெங்களூருவில் ஜிவாமே என்ற ஆன்லைன் உள்ளாடைக் கடை தொடங்கியது. பிறகு இன்னும் பல வந்தன. ஆண் விற்பனையாளரின் முகத்தைப் பார்க்காமல் வாங்க முடிகிறது, எழுத்து அளவும் கிடைக்கிறது. ஆனால் தன் அளவு தெரிந்தால்தான் அதிலும் வாங்க முடியும்.

டிரையல் ரூம் பயம்

டிரையல் ரூம் உள்ள கடைகளிலும் பல பெண்கள் உள்ளே போகத் தயங்குகிறார்கள். காரணம், கேமரா பயம்.

இது வெறும் பயம் அல்ல. 2015-ல் கோவாவில் ஒரு துணிக்கடையில் டிரையல் ரூம் பக்கம் பார்த்தபடி கேமரா இருப்பதாக அப்போதைய மத்திய மந்திரி ஸ்மிருதி இரானியே புகார் செய்தார். நாடு முழுவதும் பரபரப்பு ஏற்பட்டது.

பெண் உடை மாற்றுவதைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும், படம் எடுப்பதும் குற்றம். 2024 ஜூலை 1-ந்தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு இதற்குத்தான். முதல் தடவை என்றால் 1 ஆண்டுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை ஜெயில். மறுபடியும் செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை. சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டு இருக்காமல் 100 அல்லது 112-க்கு போன் செய்து போலீசாரை அழைப்பதே நல்லது.

பில்லைப் பத்திரமாக வையுங்கள்

"விற்ற பொருள் வாபஸ் இல்லை." உள்ளாடை விஷயத்தில் இந்த வாசகத்தைக் கடைக்காரர்கள் வேதவாக்காகச் சொல்வார்கள். சுத்தம் கருதி, போட்டுப் பார்த்ததைத் திருப்பி எடுக்கத் தயங்குவதில் நியாயமும் உண்டு.

ஆனால் குறைபாடுள்ள பொருள் விஷயம் வேறு. பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கொக்கி பிய்ந்தது, தையல் விட்டது, பெட்டியில் ஒரு அளவு உள்ளே ஒரு அளவு ஆகியவற்றுக்கு இதைக் காட்டிக் கேட்கலாம். "எனக்குப் பொருந்தவில்லை" என்பதை மட்டும் குறைபாடு என்று நிரூபிப்பது கஷ்டம். அதனால்தான் வாங்கும் முன்பே அளந்துகொள்வது முக்கியம்.

உடம்புக்கு என்ன ஆகும்?

மார்பகத்தில் தசை கிடையாது. தோலும் மெல்லிய நார்களும்தான் அதைத் தாங்குகின்றன. பொருந்தாத பாடியால் தோள்வலி, கழுத்துவலி, தோல் உராய்ந்து புண் எல்லாம் வரும். சென்னை வெயிலில் வியர்வை சேர்ந்தால் அரிப்பும் படையும் கூடவே வரும். பால் கொடுக்கும் தாய்மார்கள் இறுக்கமாகப் போட்டால் பால் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். இங்கிலாந்தில் 2,089 மாணவிகளிடம் கேட்டு 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், மார்பகச் சங்கடம் காரணமாக விளையாட்டில் தங்கள் பங்கு பாதிக்கப்படுவதாக 46 சதவீதம் பேர் சொன்னார்கள். நன்றாக ஓடிக்கொண்டு இருந்த பெண் திடீரென்று "பி.டி. பீரியட் வேண்டாம்" என்றால், அம்மா முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஒரு வதந்திக்கும் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். பாடி போட்டால் புற்றுநோய் வரும் என்பது தவறு. 2014-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்ததில் அப்படி எந்தச் சம்பந்தமும் தெரியவில்லை.

எப்படி அளப்பது?

தையல் டேப் ஒன்று போதும். மார்புக்குக் கீழே சுற்றி, மூச்சை விட்டபடி அளக்க வேண்டும். 29 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை என்றால் 5, இரட்டைப்படை என்றால் 4 கூட்ட வேண்டும். 29-ம் 5-ம் 34. இது நம்பர்.

அடுத்து மார்பின் முழுச் சுற்று. 36 அங்குலம் என்றால், 36-ல் 34 போக 2. வித்தியாசம் 1 என்றால் ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. ஆக இவர் அளவு 34 பி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் பெட்டியில் உள்ள அட்டவணையையும் பார்க்க வேண்டும்.

34 சி கிடைக்கவில்லையா? 36 பி-யில் கிண்ணம் ஏறக்குறைய அதேதான். சுற்று மட்டும் லூசு. சுற்று இறுக்கமாக வேண்டும் என்றால் 32 டி கேட்கலாம்.

போட்டுப் பார்க்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது லூசான கொக்கியில் மாட்ட வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும்போது உள்கொக்கிக்கு மாறலாம். பட்டைக்குள் 2 விரல் நுழைந்தால் சரி. பின்பட்டை நேராக நிற்க வேண்டும். மேலே பிதுங்கினால் கிண்ணம் சின்னது. சுருங்கி மடிந்தால் பெரியது.

என்ன செய்யலாம்?

இந்தியர்களுக்கென்று தனி அளவு அட்டவணை தயாரிக்க, 25,000 பேரை அளக்கும் திட்டம் 2018-ல் அறிவிக்கப்பட்டது. நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரி அதை எடுத்து நடத்தியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் டெல்லியில் அட்டவணை போட்டால் மட்டும் தெருமுனைக் கடையில் 'சி' பெட்டி வந்துவிடாது.

கடைக்காரர்கள் 4 கலர் வைப்பதற்குப் பதில் 2 கலர் வைத்து, மிச்ச இடத்தில் 'சி', 'டி' அடுக்கலாம். அளவு எடுக்கத் தெரிந்த பெண் ஊழியர் ஒருவரை அந்தக் கவுண்டரில் நிறுத்தலாம். பொருந்தியது என்று தெரிந்தால் அதே பெண் அடுத்த தடவையும் அந்தக் கடைக்குத்தான் வருவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக வெட்கம் போக வேண்டும். இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். கடையில் அளவு சொல்லவே கூசும் பெண், கட்டி தட்டுப்பட்டால் டாக்டரிடம் சொல்வாரா? ஒளித்து வைத்து, முற்றியபிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் ஏராளம். கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு எது தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசு இல்லாமல் பார்க்கிறார்கள்.