நடு ஊரில் ஓர் அறை

மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கருத்தரங்குக்கும் நம் மாணவர்கள் கடல் கடந்து செல்லும் காலம் இது. பாரிஸ் மாநகருக்குப் புறப்படும் மாணவன் எந்தப் பெட்டி வாங்குவது, எந்தக் கம்பளிச் சட்டை எடுப்பது என்று பத்துப் பேரைக் கேட்கிறான். எங்கே தங்குவது என்பதை மட்டும், கைப்பேசியில் விலை குறைந்த விடுதியைப் பார்த்தவுடன் ஒரே நொடியில் முடிவு செய்துவிடுகிறான். இது சரிதானா? சரியன்று என்பதே என் கருத்து.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் பிச்சாட்டூரில் ஓட்டல் என்றால் இட்டலியும் தோசையும் கிடைக்கும் இடம். படுக்க இடம் வேண்டுமானால் லாட்ஜ் எங்கே என்று கேட்க வேண்டும். பிரெஞ்சு மொழியிலோ 'ஓத்தெல்' என்பது பல பொருள் ஒரு சொல். 'ஓத்தெல் த வீல்' என்ற பெயரைக் கண்டு பெட்டியோடு நுழைந்தால், அங்கே இருப்பது நகராட்சி மன்றம்! 'ஓத்தெல் தியூ' என்பது மருத்துவமனை. பழைய செல்வர்களின் மாளிகைகளுக்கும் அதே பெயர்தான். ஆகவே பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், முகவரியைப் பாருங்கள்.

முகவரியை எப்படிப் படிப்பது? பாரிஸ் நகரம் 1860 முதல் 20 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வட்டங்களின் எண்கள் நடுவில் தொடங்கி, நத்தை ஓட்டைப் போல வலமாகச் சுழன்று வெளியே செல்லும். அஞ்சல் எண் 75 என்று தொடங்கினால் விடுதி நகரத்துக்குள் இருக்கிறது. 75005 என்றால் ஐந்தாம் வட்டம். 75010 என்றால் பத்தாம் வட்டம். 92, 93, 94 என்று தொடங்கினால் அது பக்கத்து மாவட்டம். விடுதியின் பெயரில் பாரிஸ் என்று எழுதியிருப்பது சான்றாகாது. அந்த ஐந்து இலக்கமே சான்று.

பிரான்சு நாட்டின் சாலைத் தொலைவுகளை அளக்கத் தொடங்கும் புள்ளி, நோத்ர தாம் பேராலயத்தின் முன்றிலில் பதிக்கப்பட்டிருக்கிறது. 2019இல் தீயில் கூரையை இழந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அதே பேராலயந்தான். வரைபடத்தின்படி நடு அதுவே. ஆனால் அந்தப் புள்ளியின் அருகே அறை தேடினால் வாடகை மலையேறும். ஆகையால் நடு என்பது எது என்று நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு விடை நமக்குத் தெரியாததன்று. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் யாத்திரிகரைக் கேளுங்கள். திருப்பதி நகரில் எங்கே அறை எடுப்பார்? புகைவண்டி நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்ரீநிவாசம் என்று தேவஸ்தானம் கட்டி வைத்திருப்பது ஏன்? வந்து இறங்கவும், மலைக்கு ஏறவும், திரும்பிப் போகவும் வழிகள் கூடும் இடமே பயணிக்கு நடு. ஊர்க்கோடியில் மலிவாக அறை எடுத்தவர், மிச்சம் பிடித்த பணத்தை ஆட்டோவுக்கே கொடுத்துவிடுவார்.

பாரிஸிலும் அப்படியே. விமான நிலையத்திலிருந்து 'பி' என்னும் விரைவு இரயில் தடம் நகருக்குள் வருகிறது. அது முதலில் 'கார் து நோர்' என்னும் வடக்கு இரயில் நிலையத்தைத் தொடும். அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் நோத்ர தாம். அதே தடத்தில் மேலும் சென்றால், 1925இல் மாணவர்க்கென்று திறக்கப்பட்ட பன்னாட்டு மாணவர் குடியிருப்பு வரும். இந்திய இல்லமும் அங்கே இருக்கிறது. இந்த ஒரு தடத்தின் ஓரத்தில், நகர எல்லைக்குள், நடந்து போகும் தொலைவில் ஓர் அறை கிடைத்தால் போதும். அதுவே நடு ஊர்.

தமிழருக்கு இதில் இன்னொரு நலமும் உண்டு. வடக்கு நிலையத்துக்குப் பக்கத்திலேயே 'லா சப்பல்' இருக்கிறது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து போரால் பெயர்ந்து வந்த தமிழர்கள் கடைகளும் உணவகங்களும் நிறுவி வளர்த்த பகுதி அது. புதுவை, காரைக்கால் தமிழர்களும் அங்கே வந்து பொருள் வாங்குவார்கள். மாணிக்க விநாயகர் தேர் ஆண்டுதோறும் அந்தத் தெருக்களில் ஓடுகிறது. தேங்காய் உடையும் ஓசை பாரிஸ் நடுவே கேட்கிறது.

"அப்படியானால் அங்கே உறவினர் வீட்டில் தங்கிவிடலாமே, விடுதி எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். அன்போடு அழைத்தால் தங்குங்கள். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதை மறவாதீர்கள். மேலும், விசா கேட்கும்போதே தங்குமிடத்துக்குச் சான்று காட்ட வேண்டும். வீட்டில் தங்குவதாகச் சொன்னால், அந்த வீட்டுக்காரர் தம் நகர மன்றத்தில் சான்றிதழ் பெற்று அனுப்ப வேண்டும். பகலெல்லாம் உழைப்பவருக்கு இது சிறு வேலையன்று.

"ஏழை மாணவனுக்கு நடு ஊரில் விடுதியா?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. தந்தை நிலத்தை அடகு வைத்துக் கொடுத்த பணத்தை வீணாக்கச் சொல்பவன் அல்லன் நான். சிறிய அறை போதும். நண்பரோடு பங்கிட்டுக் கொண்டால் இன்னும் நன்று. ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். ஒவ்வொரு நாளும் போகவர இரயில் கட்டணம் எவ்வளவு? எத்தனை மணி நேரம்? கூட்டம் முடிந்து அறிஞர்கள் உரையாடும் நேரத்தில், கடைசி வண்டியை எண்ணி எழுந்து ஓடுவதன் விலை எவ்வளவு? தலைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று நகர வரி தனியே சேரும். காலை உணவுக்கும் பல விடுதிகளில் தனிக்காசு. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகு எது மலிவு என்று சொல்லுங்கள்! ஓராண்டு தங்கப் போகிறவரும் முதல் சில இரவுகளை நடுவில் கழித்து, ஊரைக் கண்ணால் பார்த்தபின் நெடுநாள் அறை தேடுவது நல்லது. இரயில் நிலையப் பகுதியில் கூட்டம் மிகுதி. பையின் மீது மட்டும் கண் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. நாம் எல்லைப்புறத்து மக்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று இரண்டு நாவோடு வளர்ந்தவர்கள். பிறர் மொழி கேட்டு அஞ்சும் வழக்கம் நமக்கு இல்லை. அத்தகைய நாம் பாரிஸ் சென்று, லா சப்பலில் சோறும் சாம்பாரும் உண்டு, அந்தத் தெருவோடு திரும்பிவிடலாமா? பசிக்கு அங்கே செல்லுங்கள். அறிவுப் பசிக்கு மற்றப் பத்தொன்பது வட்டங்களும் காத்திருக்கின்றன. கடைக்குள் நுழையும்போதே 'பொன்ழூர்' என்று வணக்கம் சொல்லுங்கள். அங்கே அது மரியாதையின் முதற்படி. நடுவில் தங்கும் மாணவனுக்கு எல்லாத் திசையும் பக்கம். ஆதலின், தோழர்களே, அறையைத் தேடுமுன் வழியைத் தேடுங்கள்!