நட்ட முடி கொட்டுவது ஏன்? நடுவது யார் என்று கேளுங்க!

சேலம்: வழுக்கையில் முடி நட்டால் ஆயுசுக்கும் நிற்கும் என்கிறார்கள். பணத்தைக் கொட்டி நட்டுக்கொண்டவர், மூன்றாவது வாரமே சீப்பில் கொத்தாக முடியைப் பார்த்து அலறுகிறார்.

அதற்குப் பயப்பட வேண்டாம். நட்ட 2 முதல் 8 வாரத்தில் முடி உதிர்வது வழக்கம்தான். வேர் உள்ளேயே இருக்கும். 3, 4 மாதத்தில் மறுபடி முளைக்கும். முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும்.

எங்கே கோளாறு?

அப்புறமும் முளைக்காவிட்டால்தான் வில்லங்கம். நாமக்கல் வயல்காரரைக் கேட்டால் சொல்வார்: பிடுங்கிய நாற்று காய்ந்தால் வேர் பிடிக்காது. முடியும் அப்படித்தான். எடுத்த வேரைக் காயவிட்டாலும், நசுக்கினாலும் போச்சு. சீழ் பிடித்தாலும், சிகரெட் பிடித்தாலும் கெடும்.

பின்மண்டை நடுப்பகுதி முடிதான் நிலைக்கும். எல்லை தாண்டி உச்சிப்பக்கமோ, கழுத்தோரமோ எடுத்து நட்டால் அதுவும் பின்னாளில் கொட்டலாம். போதாததற்கு, நடாத பழைய முடி தன் பாட்டுக்குக் கொட்டும். பழி நட்ட முடி மேல்!

உயிர் போனால்?

முடி போனால் போகட்டும். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவரே இறந்துபோனார். யூடியூப் பார்ப்பது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது.

விளம்பரப் படத்தில் மயங்காதீங்க. டாக்டர் பெயர், பதிவு எண் கேளுங்க. கிளினிக்கை மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் ஆபீசில் பதிந்திருக்கிறார்களா பாருங்க. இதையெல்லாம் போர்டிலேயே எழுதி வைக்கச் சொன்னால் பாதி ஏமாற்று ஓடிவிடும்.

செய்வார்களா அதிகாரிகள்?